பழைய பில்டரும் புது டப்பாவும்

எங்கள் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டார் என்று எல்லோருக்கும் தெரியும். எப்படி விழுந்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வண்டி அப்போது ஓடவில்லை, சரக்கும் ஏற்றவில்லை. வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தது. இவர் அதன் கூரைமேல் ஏறிக் காக்கா எச்சத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கப் போனவர் உடைத்துக்கொண்டு இறங்கினார். வலது கையில் முழங்கைவரை மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்கு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்படித்தான் எங்கள் டீசல் பிக்கப் என் கைக்கு வந்தது. லைசென்ஸ் என்னிடம் எட்டு வருஷமாக இருக்கிறது. கல்யாணமான புதிதில் இவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அந்த ஒரு மாதத்துக்குள் நாங்கள் மூன்று தடவை நிரந்தரமாகப் பிரிந்தோம். அதற்குப் பிறகு வண்டி இவருக்கு, துணிக்கடையின் பில் கவுண்டர் எனக்கு என்று ஆகிப்போனது. ஏழு வருஷமாக ஒரே நாற்காலி, "பை வேணுமா" என்று ஒரே கேள்வி. இவர் கை உடைந்ததும் கடையில் லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். மாத முடிவுவரை என் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்கமாட்டேன் என்று முதலாளி பெரிய மனது பண்ணிச் சொன்னார். சொல்ல வெட்கம்தான், ஆனால் இவர் கை உடைந்த அந்த மாதம்தான் என் வாழ்க்கையிலேயே நான் காலையில் சிரித்துக்கொண்டே எழுந்த மாதம்.

ஐந்து வாரம் சில்லறைச் சவாரிகள் ஓட்டினேன். ஆறாவது வாரத்துக்கு நானே ஒரு பெரிய வேலை பிடித்தேன். கோழிக்குஞ்சு பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் வயதுக் குஞ்சுகளை ஏற்றி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பண்ணையில் இறக்கவேண்டும். நாற்பது அட்டைப் பெட்டி, பெட்டிக்கு நூறு குஞ்சு. வழியில் சாவதற்கென்று பெட்டிக்கு இரண்டு கூடுதலாக வேறு போடுவார்கள். அங்கே மேனேஜரம்மா ஒருவர் இருந்தார். காதில் பேனாவைச் செருகிக்கொண்டு, வார்த்தையை எண்ணி எண்ணிப் பேசுகிறவர்.

"திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் பாக்கறேன். பத்து மணிக்குள்ள பண்ணையில இறக்கணும். சரியா இருந்தா ஒரு வருஷத்துக்கு உங்களுக்கே. இல்லன்னா வேற வண்டி" என்றார். பிறகு போகிறபோக்கில், "குஞ்சு கத்தினா கவலப்படாதீங்க. கத்தாம வாயத் திறந்துக்கிட்டு நின்னா கவலப்படுங்க. சூடு தாங்கலன்னு அர்த்தம்" என்றார்.

இந்த வேலை எனக்கு ஏன் உயிராக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இவருக்குக் கட்டுப் பிரிக்கிற நாள். "கட்டப் பிரிச்சதும் நான் வண்டிய எடுத்துக்கறேன். நீ பாவம், எவ்வளவு நாளுதான் அலைவ, கடைக்கே போ" என்று இவர் தினமும் ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த "பாவம்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானே பிடித்த ஒரு வருஷ வேலை கையில் இருந்தால், இது என் வேலை, நான்தான் ஓட்டுவேன் என்று நிமிர்ந்து சொல்லலாம். அது இல்லையென்றால் எனக்கு வாய் ஏது? திங்கட்கிழமை நாற்காலி, பை வேணுமா.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி போயிற்று. வியாழக்கிழமை மலை ஏற ஆரம்பித்ததும் வண்டிக்கு மூச்சு வாங்கியது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் சத்தம் வருகிறது, இழுவை வரவில்லை. கீழே சமதரையில் ஒழுங்காகத்தான் ஓடியது, ஏற்றத்தில்தான் மக்கர். டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு விட்டு விட்டுக் கண்ணடித்தது. இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டு பண்ணை வாசலில் நுழையும்போது மணி ஒன்பது ஐம்பது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. இவரை அழைத்துப் போக என் நாத்தனார் வாசலில் வந்து நின்றுவிட்டதால், மேற்கொண்டு பேசாமல் கிளம்பிப் போனார். நானும் விடவில்லை. இழுவை இல்லை, மஞ்சள் விளக்கு எரிகிறது என்றால் டீசல் பில்டரில் அழுக்கும் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இது இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாற்றுவதற்கு அரை மணி நேரம் போதும். இவர் திரும்பி வருவதற்குள் முடித்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பின்பக்கக் கொட்டகையில் இவருடைய அலமாரி இருக்கிறது. எங்கள் வீட்டுச் சமையலறையைவிட அது சுத்தம். திருகாணியைக்கூடத் துடைக்காமல் வைக்கமாட்டார். டப்பாக்கள் எல்லாம் உயர வாரியாக நின்றுகொண்டிருக்கும், பெயர் எழுதிய பக்கம் வெளியே தெரியும்படி. அதில் டீசல் பில்டர் என்று போட்ட டப்பா ஒன்று இருந்தது. திறந்தேன். உள்ளே கறுப்பு உருளை, பார்த்தால் முகம் தெரியும் அவ்வளவு பளபளப்பு. டப்பாவில் ஒட்டுநாடா இல்லை. காய்ந்து உதிர்ந்திருக்கும் என்று நினைத்தேன். டீசல் வாடை லேசாக அடித்தது. அந்தக் கொட்டகையில் எலுமிச்சம்பழத்தை நறுக்கினாலும் டீசல் வாடைதான் அடிக்கும்.

பானெட்டைத் தூக்கி, எஞ்சின் ஓரத்தில் தொங்கும் பழைய பில்டருக்கு அடியில் ஒரு கிண்ணத்தை வைத்தேன். அடியிலுள்ள திருகைத் தளர்த்தியதும் முதலில் தண்ணீர், பிறகு கலங்கலாக டீசல். கையால் திருப்பினால் நகரவில்லை. பழைய பெல்ட் துண்டு ஒன்றைச் சுற்றி இழுத்ததும் முனகிக்கொண்டு கழன்றது. அடித் திருகைக் கழற்றிப் புதியதில் மாட்டி, மேலே இருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு டீசலைத் தடவி, கையாலேயே ஏற்றி, வளையம் உட்கார்ந்ததும் இன்னும் முக்கால் சுற்று. மேலே இருக்கும் கைப்பம்பைக் கட்டைவிரலால் குத்திக் குத்தி, இனி அமுங்காது என்கிறவரைக்கும் காற்றை வெளியேற்றினேன். சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொடுத்துக்கொள்ள முடிந்திருந்தால் தட்டியிருப்பேன்.

கழற்றிய பழசைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. எட்டு வருஷம் இவரோடு வாழ்ந்தால் பழக்கம் ஒட்டாமலா போகும்? நானும் அதைத் துடைத்து, காலியான டப்பாவுக்குள் வைத்து, பெயர் தெரியும்படி அலமாரியில் நிறுத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மலையில் வண்டி முன்னைவிட மோசமாகத் திணறியது. பண்ணைக்குள் நுழையும்போது மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. பண்ணைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். திரும்பி வரும் வழியில் எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் நிறுத்தினேன்.

"பில்டர் மாத்தியாச்சா?" என்றார்.

"நேத்துதான் அண்ணே, புதுசு போட்டேன்."

"புது பில்டர் போட்டும் இழுக்கலன்னா பம்ப்தான்மா. ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போ."

இரண்டு நாள் விட்டால் சனிக்கிழமை போச்சு. சனிக்கிழமை போனால் எல்லாம் போச்சு. வீட்டில் இவர் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர், அவல் கிடைத்ததும் விடவில்லை. "வண்டிக்கு ஓட்டற கை மாறினா பிடிக்காது. நாளைக்கு நானும் கூட வரேன்" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் திராணி இல்லை. அன்று ராத்திரி நான் அவரோடு பேசவில்லை. அவர் பாட்டுக்கு இடது கையால் என் செருப்பைத் துடைத்து வைத்தார்.

சனிக்கிழமை காலை ஏழரைக்குச் சரக்கு ஏற்றினோம். நாலாயிரம் குஞ்சு ஒரே சமயத்தில் கத்துவதைக் கேட்டிருக்கிறீர்களா? பெரிய இரும்புச் சட்டியில் எதையோ வறுக்கிற மாதிரி இருக்கும். மேனேஜரம்மா இவருடைய மாவுக்கட்டை ஒரு பார்வை பார்த்தார். கிளம்பினோம்.

எட்டே முக்காலுக்கு மலையின் மூன்றாவது வளைவில் வண்டி இருமியது. நாலாவது வளைவில் அப்படியே நின்றுவிட்டது. கை பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, மெல்லப் பின்னால் உருளவிட்டு, ஒரு பெரிய மரத்தின் நிழலில் ஓரம் கட்டினேன். முதல் காரியமாகப் பின்னால் ஓடித் தார்ப்பாயின் இரண்டு பக்கக் கயிற்றையும் அவிழ்த்து, காற்று குறுக்கே போகும்படி சுருட்டிக் கட்டினேன். குஞ்சுகள் கத்திக்கொண்டுதான் இருந்தன. கத்தட்டும், நல்லதுதான். வாயைத் திறக்கவில்லை.

இவர் பானெட்டைத் தூக்கி இடது கையால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பில்டர் மாத்தினதாச் சொன்னியே, எங்க வாங்கின?"

"வாங்கல. நம்ம அலமாரியில இருந்த புதுசத்தான் போட்டேன்."

"அலமாரியில புதுசு ஏது?"

"பளபளன்னு டப்பாவுல இருந்துச்சே."

இவர் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல இறங்கியது. குனிந்து பில்டரைப் பார்த்தார், விரலால் தடவினார்.

"இது பழசும்மா" என்றார்.

"என்னது?"

"போன தடவ மாத்தினப்பக் கழட்டினது. அடுத்த தடவ கடைக்குச் சாம்பிளுக்கு எடுத்துட்டுப் போக வேணாமா, அதுக்குத்தான் எப்பவும் பழசப் புது டப்பாவுல போட்டு வைப்பேன். நம்பரும் டப்பா மேலயே இருக்கும்ல."

"பழசுன்னா பழசு மாதிரி இருக்க வேணாமா? எதுக்கு அதக் கழுவி, துடைச்சு, மெருகு ஏத்தி வைக்கறீங்க?"

"அழுக்கா எப்படி உள்ள வைக்கறது?"

வெளியே முகம் பார்க்கலாம், உள்ளே ஒரு வருஷத்துச் சேறு. ஓரளவு அடைத்திருந்ததைக் கழற்றிவிட்டு, முழுசாக அடைத்திருந்ததை மாட்டி, நான் இரண்டு நாள் மலை ஏறியிருக்கிறேன். உலகத்தில் எத்தனையோ வீட்டில் பில்டர் மாற்றுகிறார்கள், இந்தக் கூத்து எங்கள் வீட்டில்தான் நடக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, அவரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போய்விடலாமா என்றும் வந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும், மனதிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரியும் இருந்தது. பம்ப் போகவில்லை. என் கை சரியில்லாமலும் இல்லை.

மணி எட்டு ஐம்பத்தைந்து. மலை உச்சியில் லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை உண்டு. அங்கே போக இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஏறவேண்டும். கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து, சேர்ந்த தண்ணீரை வடித்து, கைப்பம்பைக் குத்தினால் வண்டி சிறிது தூரம் போகும் என்று இவர் சொன்னார். அதன்படி முதல் கியரில் ஊர்ந்தோம். முந்நூறு மீட்டர் போகும், இருமும், நிற்கும். இவர் குதித்து இறங்கி இடது கைக் கட்டைவிரலால் பம்பைக் குத்துவார், நான் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடிப் பெட்டிகளைப் பார்ப்பேன். நடுவில் இருக்கும் பெட்டிகளுக்குக் காற்று போதவில்லை என்று தோன்றியதால் இரண்டு தடவை ஓரத்துப் பெட்டிகளை உள்ளே மாற்றி, உள்ளே இருந்ததை ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அன்றைக்கு எங்கள் பிக்கப்பும் நகர்ந்தது. ஆறாவது தடவை பம்ப் குத்திவிட்டு ஏறும்போது இவருடைய புருவத்திலும் மாவுக்கட்டிலும் டீசல். துடைத்துக்கொள்ளவில்லை. நான் பார்த்ததே இல்லை அப்படி ஒரு காட்சி.

கடை வாசலில், கூரையின் நிழல் விழும் பக்கமாக வண்டியை நிறுத்தும்போது ஒன்பது இருபது. கடைக்காரர் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியிலேயே போட்டிருந்த பெல்ட் துண்டைச் சுற்றிப் பில்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் வந்த இவரைப் பார்த்தார்.

"இந்த வண்டிக்குக் கம்பெனிக்காரங்க வருஷத்துக்கு ஒரு பில்டர்னு மாத்தியிருக்காங்க சார். நாலு மாடல் இருக்கு. நம்பர் சொல்லுங்க."

"அதுலயே போட்டிருக்குமே" என்றார் இவர்.

கடைக்காரர் பில்டரை உருட்டி உருட்டிப் பார்த்தார். கறுப்பு உருளையில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

"பெயிண்ட் தின்னர் போட்டுத் துடைச்சேன்" என்றார் இவர் தணிந்த குரலில். "நம்பர் டப்பாவுல இருக்கேன்னு."

"டப்பா எங்க?" என்றார் கடைக்காரர்.

"வீட்டுல" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னோம். வீடு பூட்டியிருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது.

கடைக்காரர் பெருமூச்சு விட்டு நாலு பில்டரையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே பருமன். நாலும் ஒரு வயிற்றில் பிறந்த மாதிரி. இவர் கொஞ்சம் யோசித்து இரண்டாவதை எடுத்தார்.

"இதுதான். பத்து வருஷமா வாங்கறேன், எனக்குத் தெரியாதா?"

இவர் பத்து வருஷமாக நம்பரைக் காட்டி வாங்கியவர். நான் இரண்டு நாளைக்கு முன்னால் கையால் கழற்றி மாட்டியவள். அதை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தேன்.

"இதுக்கு அடியில ஓட்டையே இல்ல. தண்ணி வடிக்கற திருக எங்க மாட்டுவீங்க?"

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். முதல்தடவையாக என்னைப் பார்த்தார். மிச்சம் மூன்றில் ஒன்றுக்கு ரப்பர் வளையம் மெல்லிசாக இருந்தது, அதையும் தள்ளிவைத்தேன். மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். ஒன்று ஒரு சுற்று ஏறிவிட்டுக் கடித்துக்கொண்டது. வலுக்கட்டாயம் பண்ணினால் மரை போய்விடும், உடனே பின்னால் திருப்பிக் கழற்றினேன். கடைசியானது நாலு சுற்றும் வழுவழுவென்று ஏறி அலுங்காமல் உட்கார்ந்தது.

"இதுல இன்னும் ஒண்ணு குடுங்க. டப்பாவோட" என்றேன்.

"சரிங்கம்மா" என்றார் கடைக்காரர். பில் போடும்போதும் என்னிடமே பேசினார். இவர் ஓரமாக நின்று அந்த இரண்டாவது பில்டரைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருகை மாற்றி, வளையத்தில் டீசல் தடவி, முக்கால் சுற்று இறுக்கி, காற்றை எடுத்து, சாவியைத் திருப்பினேன். வண்டியின் சத்தமே வேறாக இருந்தது. மஞ்சள் விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது. மணி ஒன்பது நாற்பத்தொன்று. இன்னும் ஒரு மேடும் ஒரு நீண்ட இறக்கமும் பாக்கி. வழக்கமாக இருபத்தைந்து நிமிஷம் ஆகிற தூரம். வேகமாகப் போனால் வளைவில் பெட்டிகள் சரியும், குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து நசுங்கும். நேரமா, குஞ்சா? மனதுக்குள் ஒரு நிமிஷம் தராசு ஆடியது. நான் மெதுவாகவே ஓட்டினேன்.

கொஞ்ச தூரம் போனதும் இவர் ஆரம்பித்தார்.

"ஒண்ணு சொல்றேன், கோபப்படாத."

"கோபப்படற விஷயமா இருந்தா கோபப்படத்தான் செய்வேன்."

"வியாழக்கிழமை வண்டி இழுக்கலன்னு வந்து சொன்னப்போ எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு."

நான் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அஞ்சு வாரமா நீ என்கிட்ட ஒண்ணுமே கேக்கல" என்றார். "நீயே கிளம்பற, நீயே வர்ற, வண்டி நல்லா ஓடுது. நான் வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன். நான் இல்லாமயே எல்லாம் நடக்குதேன்னு பயமா இருந்துச்சு. ரிப்பேர்னதும், அப்பாடா, இனிமே நம்மளத் தேடுவான்னு நெனச்சேன். நீ என்னடான்னா என்னய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு நீயே மாத்திட்ட."

"அனுப்பிட்டுப் பழசத்தான் மாத்தினேன்."

"அதுவும் என்னாலதான்."

திட்டவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதோடு, நான் மட்டும் என்ன யோக்கியம்?

"எக்ஸ்ரேயில எலும்பு நல்லா கூடியிருக்குன்னு உங்க அக்கா வந்து சொன்னாங்கல்ல" என்றேன். "இன்னும் ஒரு மாசம் கழிச்சுக் கூடினா என்னன்னுதான் எனக்கு முதல்ல தோணுச்சு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மாவுக்கட்டு கதவில் இடிக்கிற அளவுக்குக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. பின்னால் நாலாயிரம் குஞ்சு, முன்னால் இரண்டு பைத்தியம் என்று வண்டி மேட்டைத் தாண்டி இறங்கியது.

பண்ணை வாசலில் நுழையும்போது மணி பத்து ஏழு.

சிரிப்பெல்லாம் அங்கேயே நின்றுபோயிற்று. பண்ணைக்காரர் பெட்டிகளை இறக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டுக் குஞ்சுகளை விலக்கிப் பார்த்து, ஏட்டில் குறித்தார். நாற்பது பெட்டிக்கும் அப்படியே செய்தார். நான் ஒரு பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன், கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. திங்கட்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலவே எனக்கு இருந்தது. கடைசியில் அவர் போனை எடுத்து மேனேஜரம்மாவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டுப் பெட்டியின்மேல் வைத்தார்.

"வண்டி பத்து ஏழுக்கு வந்துச்சு மேடம்."

"செத்தது எவ்வளவு?"

"ரெண்டு."

"பெட்டிக்கா?"

"மொத்தமே ரெண்டுதான் மேடம்."

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"இந்த ஆறு நாள்லயும் சேத்துப் பதினாலு" என்றார் மேனேஜரம்மா. "முன்ன ஓட்டினவர் ஒன்பதரைக்கெல்லாம் வந்துருவார். தினம் முப்பது நாப்பது செத்திருக்கும். அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். லேட்டாயிருச்சு. வழியில வண்டி நின்னுபோச்சு."

"பத்துன்னு சொன்னாத்தான் பதினொண்ணுக்குள்ளயாவது வருவாங்க, அதுக்காகச் சொல்றது. வண்டி நின்னும் ரெண்டுதானா? சரி, திங்கள்லேர்ந்து வருஷத்துக்கும் நீங்கதான். கேட் பாஸ் போடணும். ஒரு டிரைவர் பேருக்குத்தான் இடம். யார் பேரு எழுதட்டும்? வீட்டுக்காரருக்குக் கை சரியாயிருமாமே?"

நான்தான் ஓட்டுவேன் என்று சொல்லத்தான் ஆறு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. இவர் குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார்.

"அவ பேர எழுதுங்க மேடம். எனக்கு நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

"லைசென்ஸ் நம்பர் வேணுமே."

என் கைப்பை வண்டியில் இருந்தது. எடுத்துவரத் திரும்பினேன். அதற்குள் இவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிதானமாக, ஒரு தடவைகூடத் தடுமாறாமல் என் லைசென்ஸ் நம்பரை முழுசாகச் சொன்னார். பத்து வருஷமாக வாங்குகிற பில்டரின் நம்பர் தெரியாத மனுஷன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அட்டை வந்த அன்று ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்ததோடு சரி.

நான் கையிலிருந்த பெட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். உள்ளே இருந்த நூற்றிரண்டு குஞ்சும் என்னைவிடச் சத்தமாகக் கத்தியதால் யாருக்கும் கேட்கவில்லை.